ஸ்க்வீஜி: பெயரும் பிறப்பும் பயனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்க்வீஜி என்றால் என்ன?

ஒரு கைப்பிடி, அதன் தலையில் குறுக்காக ஒரு உலோகப் பட்டி, பட்டிக்குள் செருகிய ரப்பர். அவ்வளவுதான் கருவி. சோப்புத் தண்ணீர் பூசிய கண்ணாடியில் இதை அழுத்தி இழுத்தால் தண்ணீரும் அழுக்கும் ரப்பருக்கு முன்னால் ஓடும், பின்னால் காய்ந்த கண்ணாடி தெரியும். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் கையில் வைத்திருப்பது இதுதான். பெட்ரோல் பங்குகளில் ஒரு பக்கம் ஸ்பாஞ்சும் மறுபக்கம் ரப்பருமாகத் தண்ணீர் வாளியில் நிற்பதும் இதுதான். தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளும் நீளமான கோலும் இதே குடும்பம்.

எப்படி உச்சரிப்பது?

ஸ்க்வீ-ஜி. முதல் அசையில் அழுத்தம் தர வேண்டும், 'ஜி' லேசாக விழும். 'ஸ்க்யூஜி' என்று சிலர் படிப்பார்கள். அது எழுத்தைப் பார்த்து வரும் பிழை.

நாம் 'வைப்பர்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

கருவி ஒன்றுதான். ஆனால் 'வைப்பர்' என்றால் துடைப்பான், ஸ்க்வீஜி துடைப்பதில்லை. இதைச் சொன்னால் வார்த்தைக்கு வார்த்தை சண்டை பிடிப்பதாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கருவியின் பெயரும் வேலையும் புரிய வேண்டுமானால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும்.

துடைப்பது துணியின் வேலை. துணி ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஸ்க்வீஜி எதையும் உறிஞ்சாது. ஒரு கூரான விளிம்பை மேற்பரப்பில் அழுத்தி, அங்கே இருக்கும் திரவத்தை வேறோர் இடத்துக்கு ஓட்டிவிடும். தமிழில் இதற்கென்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது: வழித்தல். நெற்றி வியர்வையை விரலால் வழித்து உதறுகிறோம். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்தெடுக்கிறோம். இந்த இரண்டிலும் துணி இல்லை, ஒரு விளிம்பும் ஓர் அழுத்தமும்தான் இருக்கின்றன. ஸ்க்வீஜி செய்வது அதையேதான்.

வைப்பர் என்ற பெயரால் இன்னொரு குழப்பமும் உண்டு. காரின் முன்கண்ணாடியில் ஆடுவதும், தரையில் தண்ணீர் தள்ளுவதும், ஜன்னல் கண்ணாடிக்கு உரியதும் மூன்றுமே வைப்பர்தான். ஃபோனில் ஒருவரிடம் வாங்கி வரச் சொன்னால் மூன்றில் எது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சரி, பெயரின் வேர் என்ன?

ஆங்கிலத்தில் 'ஸ்க்வீஸ்' என்றால் அழுத்து, பிழி, நெருக்கு. அதை இன்னும் அழுத்திச் சொல்வதுபோல 'ஸ்க்வீஜ்' என்ற பேச்சு வடிவம் ஒன்று இருந்தது. 1780களிலேயே அது பதிவாகியிருக்கிறது. அந்த 'ஸ்க்வீஜ்' என்ற வினையிலிருந்து ஸ்க்வீஜி வந்திருக்கலாம் என்பது அகராதிகள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். 'வந்திருக்கலாம்' என்ற சொல்லோடுதான் சொல்கின்றன, ஏனென்றால் இது புத்தகத்தில் பிறந்த சொல் இல்லை. மாலுமிகள் வாயில் புழங்கி, பிறகு அச்சுக்கு வந்த சொல். கருவியின் பெயராக 1840களில் அச்சில் தலைகாட்டுகிறது.

ஆக, பெயரிலேயே 'அழுத்து' இருக்கிறது. துடைப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பெயர் வைத்த மாலுமிக்கு வேலை தெரிந்திருக்கிறது.

மாலுமிகளா? கப்பலில் ஏது அத்தனை கண்ணாடி?

கண்ணாடிக்காக வந்த கருவியே இல்லை இது. மரக் கப்பல்களின் மேல்தளத்துக்காக வந்தது. பாய்மரக் கப்பல்களில் தளம் கழுவுவது அன்றாட வேலை. கடல் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றி, மணலைத் தூவி, மணற்பாறைக் கல்லால் மண்டியிட்டுத் தேய்ப்பார்கள். அப்புறம் கயிற்று நார்களைக் கட்டிய துடைப்பத்தால் ஒற்றுவார்கள். மிச்சத் தண்ணீரைத் தளத்தின் ஓரத்தில் இருக்கும் வடிகால் துளைகள் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக ஒரு பலகை வேண்டும். நீண்ட கோலின் முனையில் குறுக்குப் பலகை, சிலவற்றில் பலகையின் விளிம்பில் தோல் பட்டை. அதுதான் முதல் ஸ்க்வீஜி. மீன்பிடிப் படகுகளில் ரத்தத்தையும் செதில்களையும் வழித்துத் தள்ளவும் இதே மாதிரிப் பலகை பயன்பட்டது.

'ஸ்க்வில்ஜி' என்று எங்கோ படித்தேன். அச்சுப் பிழையா?

இல்லை. அது அதே கருவியின் இன்னொரு பழைய பெயர். ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலில் அந்த வடிவம்தான் வருகிறது. திமிங்கிலத்தின் வாலிலிருந்து அறுத்தெடுத்த நாருள்ள ஒரு தசைத்துண்டை எண்ணெய் படிந்த தளத்தில் விளிம்புபட நகர்த்தினால், அது தோல் வைத்த ஸ்க்வில்ஜியைப் போல அழுக்கையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும் என்று எழுதுகிறார். மெல்வில் திமிங்கில வேட்டைக் கப்பலிலும் போர்க்கப்பலிலும் வேலை பார்த்தவர், அதனால் கருவியைக் கண்ணால் கண்டே எழுதியிருப்பார். இன்னொன்று, அந்த வரி இருக்கும் அத்தியாயத்தின் தலைப்பே கையை அழுத்துவதைப் பற்றியது. தலைப்பில் இருக்கும் சொல் 'ஸ்க்வீஸ்'. தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ரப்பர் எப்போது சேர்ந்தது?

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதை வைத்து நிலையான விளிம்பு எதுவும் செய்ய முடியாது. சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார், 1844இல் காப்புரிமை பெற்றார். வளையவும் வேண்டும், வளைந்தது நிமிரவும் வேண்டும், விளிம்பு மழுங்கவும் கூடாது என்ற மூன்றும் ஒரே பொருளில் கிடைத்தது அதற்குப் பிறகுதான். தோலால் இது ஆகாது. நனைந்து நனைந்து காய்ந்தால் தோல் சுருண்டுவிடும்.

இப்போது பார்க்கும் வடிவத்தைச் செய்தது யார்?

எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தது 'சிகாகோ ஸ்க்வீஜி'. இரும்பால் ஆனது, கனமானது, இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு ரப்பர் பட்டைகள். ரப்பரை மாற்ற வேண்டுமென்றால் 12 திருகுகளைக் கழற்ற வேண்டும். நாள் முழுக்க கையைத் தூக்கி வேலை செய்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டெக்கோனே அதில் வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டார். இரும்புக்குப் பதில் இலகுவான பித்தளை. இரண்டு ரப்பருக்குப் பதில் மெல்லிய, நன்றாக வளையும், கூரான ஒற்றை ரப்பர். 1936இல் காப்புரிமை கிடைத்தது. அவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் இன்னும் ஸ்க்வீஜி செய்கிறது, பித்தளையிலும் செய்கிறது. அவருக்குப் பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது, அலுமினியம் வந்தது, சுழலும் கைப்பிடி வந்தது. ஆனால் ஒற்றை ரப்பர் என்ற அந்த முடிவை யாரும் மாற்றவில்லை. தானே அந்த வேலையைச் செய்தவர் கருவியைத் திருத்தினால் எதைக் கழிப்பது என்று அவருக்குத் தெரிகிறது. வெளியிலிருந்து வடிவமைப்பவர் பெரும்பாலும் எதையாவது சேர்க்கவே பார்ப்பார்.

நல்ல துணி இருக்கும்போது இது எதற்கு?

கண்ணாடியில் புள்ளி விழுவது ஏன் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு முதலான உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. காய்ந்த ஒவ்வொரு துளியும் தன் உப்பை அங்கேயே விட்டுப்போகிறது. அதுதான் வெள்ளைப் புள்ளி. துணி என்ன செய்யும்? கொஞ்சம் உறிஞ்சும், மிச்சத்தை மெல்லிய படலமாகப் பரப்பும், கூடவே நாலு நூலிழையையும் விட்டுவைக்கும். ஸ்க்வீஜியோ தண்ணீர் காய்வதற்கு முன்பே அதைக் கரைந்த உப்போடும் மிதக்கும் அழுக்கோடும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறது.

இதற்குச் சோப்பு வேண்டும். அழுக்கைக் கரைப்பது மட்டும் அதன் வேலை இல்லை. தண்ணீர் துளித்துளியாகத் திரளாமல் கண்ணாடி முழுக்க ஒரே படலமாகப் பரவச் செய்கிறது, ரப்பர் சிக்காமல் வழுக்கவும் வைக்கிறது. சோப்பு குறைந்தால் ரப்பர் கிறீச்சிடும், விட்டுவிட்டுக் குதிக்கும். வாளிக்குச் சில சொட்டு போதும். நுரை ததும்பினால் அதை அலசுவது தனி வேலை.

நான் இழுத்தால் கோடுகோடாக விழுகிறது. என்ன தவறு?

முதலில் ரப்பரைப் பாருங்கள். விளிம்பை விரல்நுனியால் தடவினால் ஒரு சிறு வெட்டு தட்டுப்படும். அந்த வெட்டின் அகலத்துக்கு ஒரு கோடு, ஒவ்வொரு இழுப்பிலும், அதே இடத்தில் விழும். சரிசெய்ய முடியாது. ரப்பரை உருவித் திருப்பிப் போடுங்கள், மறுபக்க விளிம்பு புதிதாக இருக்கும். அதுவும் போய்விட்டால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான். கைப்பிடி ஆயுள் முழுக்க வரும், ரப்பர் வராது. கருவியை வாங்கி ரப்பரை மறந்துவிடுவதுதான் பலரும் செய்வது.

ரப்பர் நன்றாக இருந்தும் கோடு விழுந்தால் காய்ந்த ஓரத்தில் தொடங்காததுதான் காரணமாக இருக்கும். ஈரத்தில் ரப்பரை வைத்தால் விளிம்புக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அதனால் கண்ணாடியின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முதலில் துணியால் காயவைத்துவிட்டு, அந்தக் காய்ந்த இடத்தில் ரப்பரை வைத்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் கொஞ்சம் ஏறி வர வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ரப்பரை ஒரு துணியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஆம், அங்கே துணி வேண்டும். ஆனால் அது கண்ணாடிக்கு இல்லை, ரப்பருக்கு.

அழுத்தம் அதிகமானாலும் கெடும். ரப்பர் மடங்கிவிட்டால் கண்ணாடியில் படுவது விளிம்பு இல்லை, அதன் வயிறு. வயிறு வழிக்காது, பூசும். நேர் வெயிலில் வேலை செய்யாமல் இருப்பதும் நல்லது, நீங்கள் பாதி வருவதற்குள் மீதிப் பாதி காய்ந்துவிடும்.

தொழில்முறைக்காரர்கள் கையை எடுக்காமல் பாம்புபோல வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் முடிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் முயன்றேன். திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் பிறை வடிவில் ஒரு தண்ணீர்த் தடம் மிஞ்சியது. மேலிருந்து கீழாக நேராக இழுப்பதில் ஒரு குறையும் இல்லை.

அச்சுத் தொழிலிலும் ஸ்க்வீஜி என்கிறார்களே?

ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போனால் மரக் கைப்பிடியில் தடித்த ரப்பர் அல்லது பாலியூரித்தேன் பட்டை பொருத்திய ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கும் ஸ்க்வீஜி என்றுதான் பெயர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் ஒரு முனையில் மையைக் கொட்டி, ஸ்க்வீஜியால் அழுத்தி மறுமுனை வரை இழுத்தால், அடைக்கப்படாத கண்கள் வழியாக மை கீழே இறங்கி டீ-ஷர்ட்டிலோ சுவரொட்டியிலோ பதியும். பெயரின் அருமை இங்கேதான் தெரிகிறது. கண்ணாடிக்காரர் திரவத்தை நீக்குகிறார், அச்சுக்காரர் திரவத்தைப் பதிக்கிறார். நோக்கம் நேரெதிர். 'துடைப்பான்' என்று பெயர் வைத்திருந்தால் பட்டறைக்குள் அந்தப் பெயர் நுழைந்திருக்க முடியாது. 'அழுத்துவது' என்ற பெயர் இரண்டு இடத்திலும் செல்லும்.

இங்கே ரப்பரின் கடினம் முக்கியம். அதை ஷோர் அளவுகோலில் எண்ணாகச் சொல்வார்கள். 60ஐ ஒட்டியது மென்மை, 80ஐ ஒட்டியது கடினம். மென்மையானது வளைந்து கொடுத்து மையை அதிகமாக இறக்கும். கடினமானது நுண்ணிய கோடுகளுக்கு உகந்தது.

மின்சுற்றுப் பலகைகள் செய்யும் ஆலைகளிலும் இதே வேலை நடக்கிறது. துளைகள் வெட்டிய மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைப் பலகைமேல் வைத்து, ஈயப்பற்றுப் பசையை அதன்மேல் இழுப்பார்கள். இழுப்பது உலோக ஸ்க்வீஜி, அதில் ரப்பரே இருக்காது. உங்கள் ஃபோனுக்குள் இருக்கும் பலகையிலும் இப்படி ஒரு விளிம்பு ஓடியிருக்கும்.

வேறெங்கே பயன்படுகிறது?

காருக்கும் ஜன்னலுக்கும் ஃபிலிம் ஒட்டுபவர்கள் கையில் சீட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும், அடியில் சிக்கிய தண்ணீரையும் காற்றுக்குமிழியையும் ஓரத்துக்கு ஓட்ட. அதுவும் ஸ்க்வீஜி. இருட்டறைக் காலத்துப் புகைப்படக்காரர்கள் ஈரப் படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து ரப்பரால் அழுத்தி நீரை வெளியேற்றுவார்கள். தரை கழுவும் பெரிய இயந்திரங்களின் பின்புறம் வளைந்த ரப்பர் பட்டை ஒன்று தரையோடு உரசிக்கொண்டு வரும். அது அழுக்குத் தண்ணீரை ஒன்றுதிரட்ட, உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்ளும்.

ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் ஆளுயரத்துக்குப் பெரிய ஸ்க்வீஜிகளைச் செய்துகொண்டு, ஈரமான எண்ணெய் வண்ணத்தின் குறுக்கே இழுத்துத் தன் அரூப ஓவியங்களை வரைந்தார். ஓர் இழுப்பில் மேலடுக்கு வழிந்து கீழடுக்கு வெளியே தெரியும். எங்கே எவ்வளவு தெரியும் என்பது பாதி அவர் கையில், பாதி ஸ்க்வீஜியின் கையில்.

கார் வைப்பர் இதற்குச் சித்தப்பா மகன் முறை. அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற கருவியில் வண்டிக்கு உள்ளே இருந்த நெம்புகோலைக் கையால் அசைத்தால் வெளியே ரப்பர் விளிம்பு கண்ணாடியின் குறுக்கே போய்வரும்.

மற்ற மொழிகளில் என்ன பெயர்?

ஒவ்வொரு மொழியும் அசைவின் ஒவ்வொரு துண்டைப் பிடித்திருக்கிறது. ஆங்கிலம் அழுத்தத்தை. பிரெஞ்சில் 'ரக்லெத்', சுரண்டு என்ற வினையிலிருந்து வந்தது. ஜெர்மனில் 'அப்ட்சீயர்', இழுத்து நீக்குவது. டச்சிலும் மெக்சிகோவின் ஸ்பானியத்திலும் 'இழுப்பான்' என்ற பொருளில் 'ட்ரெக்கர்', 'ஹலதோர்'. இத்தாலியன் மட்டும் நம் வைப்பரைப் போலத் துடைப்பதைப் பிடித்துக்கொண்டது: 'தெர்ஜிவெத்ரோ', கண்ணாடி துடைப்பான். பிரேசிலில் 'ரோடோ' என்பார்கள். களத்தில் தானியத்தையும் உப்பளத்தில் உப்பையும் வாரிச் சேர்க்கும் நீண்ட கைப்பிடிப் பலகைக்கு இருந்த பழைய பெயர் அது. உருவம் ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றிலும் வேடிக்கை வெனிசுலா. தரைக்கான ஸ்க்வீஜிக்கு அங்கே 'அரகான்' என்று பெயர். சோம்பேறி என்று பொருள்! குனியாமல் வேலை முடிகிறதே.

செய்திகளில் 'ஸ்க்வீஜி மனிதர்கள்' என்று வருவது யாரை?

சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களின் கண்ணாடியைக் கேட்காமலே கழுவிவிட்டுக் காசு கேட்டவர்களை. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் நியூயார்க்கில் பெரிய பேச்சாக இருந்தது, மேயர் தேர்தல் வரை போனது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1999இல் இதற்கெதிராகச் சட்டமே இயற்றியது. கருவியின் பெயர் ஒரு வகை மனிதரின் பெயராகி, கொஞ்சம் வசைச் சொல்லாகவும் ஆனது.

அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்க்வீஜி இருக்கிறதாமே?

இருக்கிறது, கைப்பிடி மட்டும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மின்தூக்கி ஒன்று ஆறு பேரோடு நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்தால் எதிரே ஜிப்சம் பலகைச் சுவர், அது 50ஆவது மாடி, அங்கே அந்த மின்தூக்கிக்கு வாசல் கிடையாது. ஆறு பேரில் ஒருவர் கண்ணாடி துடைப்பவர். அவர் வாளியில் இருந்த ஸ்க்வீஜியின் உலோக விளிம்பால் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்கள். வழியில் அந்தப் பட்டி கைநழுவிக் கீழே விழுந்துவிட, கைப்பிடியாலேயே மிச்சத்தைக் குடைந்து, ஒருவர் பின் ஒருவராகத் துளை வழியாக ஒரு கழிப்பறைக்குள் வந்து இறங்கினார்கள். கட்டடம் சரிவதற்குள் ஆறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கைப்பிடி இப்போது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கே ஸ்க்வீஜி இனி தேவைப்படுமா?

வெளிச்சுவர்க் கண்ணாடிகளில் அதன் இடம் சுருங்கிவருவது உண்மை. உப்பு முழுவதையும் வடிகட்டி எடுத்த தண்ணீரை நீண்ட கோல் வழியே மேலேற்றி, தூரிகையால் தேய்த்து அலசிவிட்டு, அப்படியே காயவிடும் முறை பரவியிருக்கிறது. உப்பு இல்லாத தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழாது, வழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உள்பக்கக் கண்ணாடியில் அப்படித் தண்ணீரைக் கொட்ட முடியாதே. குளியலறைத் தடுப்புக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மேசைமேல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் ரப்பர்தான்.

தமிழில் இதற்கு ஒரு பெயர் வைக்கலாமா?

'நீர் துடைப்பான்', 'கண்ணாடித் துடைப்பான்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் துணியும் அதேதான். என்னைக் கேட்டால் 'வழிப்பான்'. தண்ணீர் தானாகப் போனால் வழிகிறது, நாமாகப் போக்கினால் வழிக்கிறோம். அந்த ஜோடி வினைகளுக்குள்ளேயே இந்தக் கருவி உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி, தரை, வலைத்துணி மூன்றுக்கும் பொருந்தும். கையேடு எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கடைக்குப் போனால் மட்டும் வைப்பர் என்றே கேளுங்கள், எந்த வைப்பர் என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.